பிளேன்டீ வட்டம் விழுந்த ஆறாவது படம்

என் மேசை லாச்சியில் நான்காக மடித்த ஒரு தாள் இருக்கிறது. மடிப்புகள் பழுப்பேறி, ஒரு மூலை கிழிந்துபோன தாள். மேல் வரிசையில் மூன்றும் கீழ் வரிசையில் மூன்றுமாக ஆறு சின்னப் படங்கள். ஒவ்வொன்றிலும் சாய்வாக ஒரு கோடு, அதை ஒட்டிப் புள்ளிகள். கடைசிப் படத்தின்மேல் மட்டும் ஒரு கோப்பையின் அடி வட்டமாகப் பதிந்து கிடக்கிறது. வீடு மாறும்போது எத்தனையோ சான்றிதழ்களைத் தொலைத்திருக்கிறேன். இந்தத் தாளைத் தொலைக்கவில்லை. அந்தக் கோப்பையை அதன்மேல் வைத்தவர் மிஸி.

கொழும்பில் தாதிமாரை எல்லோரும் மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் மிஸி கொட்டாஞ்சேனைக்காரர். முப்பது வருடம் அரசாங்க ஆஸ்பத்திரியில் ஊசி குத்தி ஓய்வுபெற்றவர். நான் வேலை செய்த சுகாதார ஆய்வொன்றில் ஒப்பந்தத்தில் சேர்ந்திருந்தார். வெள்ளவத்தையில் எங்கள் அலுவலகத்திலும், கொட்டாஞ்சேனையில் மாதா கோயிலை ஒட்டிய மண்டபத்திலும் காலையில் வெறும் வயிற்றோடு வருபவர்களிடம் இரத்தம் எடுப்போம். எடை, உயரம், இரத்த அழுத்தத்தின் இரண்டு அளவுகள், கொழுப்பு, சீனி என்று ஆளுக்கு ஆறு எண்கள். மண்டபம் மிஸியின் பொறுப்பு. எண்களைக் கணினியில் ஏற்றுவது என் பொறுப்பு. கஞ்சி போட்ட வெள்ளைச் சேலையில், கழுத்தில் சின்னச் சிலுவையோடு, இரத்தக் குழாய்களுள்ள குளிர்ப்பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்குப் பஸ்ஸில் வந்து இறங்குவார். ஒரு குழாயின் லேபலில்கூட எழுத்து அழிந்திருந்ததாக எனக்கு நினைவில்லை.

அலுவலகத்துக்குப் புதிதாக ஒரு புள்ளிவிவர மென்பொருள் வந்திருந்தது. அதில் எனக்குப் பைத்தியம் என்றே சொல்ல வேண்டும். ஆறு மாறிகளின் பெயர்களையும் ஒரே பெட்டிக்குள் தள்ளிவிட்டு ஒரு பொத்தானை அழுத்தினால், ஆறுக்கும் இயல்நிலை நிகழ்தகவுப் படங்களை ஒரே பக்கத்தில் கீறித் தந்துவிடும். பெயர்தான் பயமுறுத்தும், விஷயம் எளிது. நடுவில் பலரும் ஓரங்களில் சிலருமாக, மனிதர்களின் உயரம் பரவிக் கிடப்பதுபோல எண்கள் பரவியிருந்தால் புள்ளிகள் கோட்டோடு கோடாகப் போகும். இல்லாவிட்டால் விலகும். எங்கள் தாளில் ஐந்து படங்கள் ஒழுங்காக இருந்தன. ஆறாவது, சீனி, நடுவில் முறிந்து இரண்டு துண்டாக நின்றது. சீனியின் வால் கொஞ்சம் மேலே வளைவது வழக்கம்தான், சீனி வியாதிக்காரர் எங்கேயும் இருப்பார்கள். இது வளைவு இல்லை, முறிவு. இரண்டு இடத்தையும் பிரித்துக் கீறினேன். வெள்ளவத்தை நேராக வந்தது. முறிவு முழுவதும் கொட்டாஞ்சேனையுடையது.

ஆய்வின் தலைவரான டொக்டரிடம் அந்தத் தாளைக் கொண்டுபோய், பென்சிலால் முறிவைத் தொட்டுக் காட்டியது நான்தான். பெரிய கெட்டிக்காரியாட்டம் நின்றேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். டொக்டர் தாளைப் பார்த்துக்கொண்டே, "இது அந்த மனுசி வீட்டில இருந்து மனம்போன போக்கில நிரப்பின கணக்கு" என்றார். பென்சிலைக் கீழே வைத்தேன். பஸ்ஸில் வரும்போது இரத்தம் தாமதித்திருக்கலாமே என்று இழுத்தேன். எனக்கே தெரியும், அது எடுபடாது. தாமதித்தால் இரத்தத்தில் சீனி குறையும், ஏறாது. இங்கே ஏறியிருந்தது.

மறுநாள் மிஸியைக் கூப்பிட்டார்கள். டொக்டர் உட்காரச் சொல்லியும் அவர் உட்காரவில்லை.

"டொக்டர், நான் எல்லா நாளும் ஒரே மாதிரித்தான் எடுக்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு மாதிரி, மற்ற நாளைக்கு வேற மாதிரி எடுக்க எனக்குத் தெரியாது" என்றார். குரல் உயரவில்லை. கை மட்டும் கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்திருந்தது. இரண்டு வாரத்துக்குள் காரணம் தெரியாவிட்டால் கொட்டாஞ்சேனைக் கணக்கு முழுவதையும் விலக்கி, மிஸியையும் நிறுத்தி, ஏன் என்று அறிக்கையில் எழுதுவதாக டொக்டர் சொன்னார். அறிக்கை மிஸி வேலை செய்த ஆஸ்பத்திரிக்கும் போகும். முப்பது வருடத்துப் பேர் ஒரு பக்கத்தில் போய்விடும்.

எல்லா நாளும் ஒரே மாதிரி என்ற அந்தச் சொல்தான் என்னைத் திரும்பவும் கணினிக்கு முன்னால் உட்கார வைத்தது. அது உண்மையானால் எல்லா நாளும் ஒரே மாதிரி முறிந்திருக்க வேண்டுமே. கொட்டாஞ்சேனையின் சீனியை மட்டும் நாளுக்கு ஒரு படமாகப் பிரித்துக் கீறினேன். திங்கள் நேர். புதன் நேர். வியாழன் நேர். செவ்வாய் மட்டும் கோட்டுக்கு மேலே, ஒரு படி ஏறி நின்றது. பொய்க்கணக்கு எழுதுகிறவர் கிழமை பார்த்தா எழுதுவார்?

அடுத்த செவ்வாய் விடியவே வெள்ளவத்தையில் பஸ் ஏறி, புறக்கோட்டையில் மாறி, கொட்டாஞ்சேனையில் இறங்கினேன். கோயிலில் செவ்வாய்க்கிழமை மட்டும் நடக்கும் நவநாள் பூசை முடிந்து சனம் வெளியே வந்துகொண்டிருந்தது. அவர்களில் பாதிப்பேர் நேராக எங்கள் மண்டபத்துப் பக்கவாசலுக்குத்தான் வந்தார்கள். வாசலில், கோயிலைப் பராமரிக்கும் கோயிற்பிள்ளையின் மனைவி ஒரு பெரிய கேத்தலோடு நின்று, வருகிற ஆட்களுக்கெல்லாம் ஊற்றிக்கொடுத்தார். என் கையிலும் பால் விடாத தேநீர்க் கோப்பை ஒன்று வந்தது.

"வெறும் பிளேன்டீதானே மகள், குடிங்க. பாவம், சனம் எல்லாம் வெறும் வயித்தோட நிக்குது" என்றார்.

ஒரு வாய் குடித்தேன். சீனிப்பாணி மாதிரி இனித்தது.

உள்ளே, வாசலுக்கு முதுகு காட்டியபடி மிஸி லேபல் ஒட்டிக்கொண்டிருந்தார். நிமிராமலே ஒவ்வொருவரிடமும் கேட்டார். "சாப்பிட்டீங்களா?" "இல்ல மிஸி, ஒண்ணும் சாப்பிடல்ல." ஒருவரும் பொய் சொல்லவில்லை. பிளேன்டீயை இந்த ஊரில் யார் சாப்பாட்டுக் கணக்கில் சேர்த்தார்கள்? நான் சுவரோடு சாய்ந்து நின்று தனியே சிரித்தேன். நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த மூட்டையை யாரோ வாங்கி இறக்கிய மாதிரி இருந்தது. கண்ணும் கலங்கியது.

மிஸியின் முன்னால் தாளை விரித்துக் கேத்தலைக் காட்டினேன். அவர் வாசலைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், நீண்ட மூச்சு விட்டுக் கதிரையில் உட்கார்ந்தார். "மாதாவே, கேட்டது நான்தானே. சாப்பாட்டைத்தானே கேட்டேன்" என்றார்.

"மிஸி, இந்தப் படத்தைக் கீறி டொக்டரிட்டக் குடுத்ததும் நான்தான்" என்றேன். அதைச் சொல்லாமல் திரும்பியிருந்தால் அந்த நிம்மதி எனக்குத் தங்கியிருக்காது.

மிஸி என் கையிலிருந்த கோப்பையை வாங்கி, தாளின் ஆறாவது படத்தின்மேல் வைத்தார்.

"அப்போ இதையும் நீங்களே குடிச்சு முடிங்க" என்றார். அவர் சிரித்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

டொக்டரிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நானும் பிளேன்டீ குடிச்சிட்டுத்தான் இரத்தம் குடுக்கப் போறனான்" என்றார் கடைசியில். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. ஆனால் பிளேன்டீ குடித்தீர்களா என்று கேள்வித்தாளில் ஒரு புது வரியைச் சேர்க்கச் சொன்னார், செவ்வாய்க்கிழமைக் கணக்கைத் தள்ளிவிட்டு அந்த ஆட்களிடம் மறுபடி இரத்தம் எடுக்கவும் மிஸியையே அனுப்பினார். அன்று முதல் கேத்தல் இரத்தம் எடுத்த பிறகுதான் வாசலுக்கு வந்தது. ஆறாவது படம் நேராக வந்த அன்று, அதன் பிரதி ஒன்றை மிஸி கேட்டு வாங்கிப் பூசைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார்.

இப்போதைய மென்பொருள் அறுபது மாறிகளையும் கண்மூடித் திறப்பதற்குள் வண்ணத்தில் கீறித் தருகிறது. மிஸி கல்கிசையில் மகளோடு இருக்கிறார். போன மாதம் எனக்குச் சீனி பார்க்க வெள்ளவத்தையில் ஒரு பரிசோதனை நிலையத்துக்குப் போனேன். பதிவு எழுதும் பிள்ளை, "சாப்பிட்டீங்களா அன்ட்டி?" என்று கேட்டாள். "இல்லை" என்றேன். பேனையைத் தூக்கி, "பிளேன்டீ?" என்றாள். எனக்கு முகம் சிவந்துவிட்டது. நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து லாச்சியைத் திறந்து அந்தத் தாளை விரித்தேன். ஆறாவது படத்தின் வட்டம் மங்கியிருக்கிறது, போகவில்லை. மிஸிக்குத் தொலைபேசி எடுத்து நடந்ததைச் சொன்னேன். சிரித்து முடிய அவருக்கு நேரம் எடுத்தது.

"சீனி எத்தனை கரண்டி போட்டீங்க?" என்று கேட்டார்.