பல்பு இருக்கும் பக்கம்

என் மனைவி ஆனந்தமேரிக்குப் பொறாமை வந்தால் தையல் மெஷின் சத்தத்திலேயே தெரிந்துவிடும். நாகல் நகரில் பாதிப் பெண்களுக்கு ஜாக்கெட் தைப்பவள். எதிர்வீட்டு அல்போன்சா டீச்சர் ஒரு பூச்செடி வாங்கினால் போதும், மெஷின் தடதடக்கும். டீச்சர் மகனுக்கு வேலை கிடைத்த அன்று ஊசியே உடைந்தது.

போன வருடம் எங்கள் பங்குக் கோவிலில் எல்லோரும் சேர்ந்து விவிலியத்தைக் கையால் எழுதினோம். வீட்டுக்கு ஒரு பெரிய தாள். ஓரத்தில் படம் வரைந்து வர்ணம் தீட்டலாம் என்று சாமியார் சொன்னதுதான் வினை. மேரிக்குப் பத்துக் கட்டளைகள் வரும் பக்கம். அதற்கு முந்தைய பக்கம் யாருக்கு? சாட்சாத் அல்போன்சா டீச்சருக்கு!

பாதி எழுதிக்கொண்டிருந்தவள், ஸ்கேல் கேட்கும் சாக்கில் எதிர்வீட்டை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். முகம் சுண்டிப்போயிருந்தது.

"அம்புட்டு எடத்துலயும் தங்கக் கலரு பூசியிருக்காங்க. நாம மட்டும் எளப்பமா?"

மிச்சத்தை அவசர அவசரமாக எழுதி முடித்து, தாளைச் சுற்றித் திராட்சைக் கொடி வரைந்து தங்க நிறம் பூசினாள். எனக்கே பெருமையாக இருந்தது.

தவக்காலம் தொடங்கியதும் அந்த இரண்டு பக்கங்களையும் விரித்துக் கோவிலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். பிளக் இடதுபுறம் என்பதால் பல்பும் இடது ஓரத்தில். டீச்சர் பக்கம் ஜொலித்தது. மேரியின் திராட்சை நிழலில் கிடந்தது. இடது பக்கத்தைப் பார்த்து ஒவ்வொருவரும் "அடேயப்பா!" என்னும்போது இவளுக்கு வயிறு எரிந்தது.

"எங்கொடியவும் நாலு பேரு வெளிச்சத்துல பாக்கணுங்க. இல்லேன்னா எம்மனசு ஆறாது."

"சாமியார்கிட்டச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வா, ஆறிரும்."

"ஆமா, நீங்க வேற!" என்று கத்தரிக்கோலை நீட்டினாள்.

சனிக்கிழமை கோவிலைச் சுத்தம் செய்யும் முறை எங்கள் தெருவுக்கு வந்தது. கண்ணாடி துடைக்கிறேன் என்று பெட்டியைத் திறந்தவள், பல்பைக் கழற்றி வலது ஓரத்தில் மாட்டிவிட்டாள். ஒயர் எட்டவில்லை. வீட்டிலிருந்து ஜங்ஷன் பாக்ஸ் தூக்கி வந்த புண்ணியவான் அடியேன்.

ஞாயிறு பூசை முடிந்ததும் பெட்டியைச் சுற்றிக் கூட்டம்.

"மேரியா வரைஞ்சது? பறிச்சுத் திங்கலாம் போலயே!"

மேரிக்குக் கால் தரையில் இல்லை. முந்தானையை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டாள். அப்போது அல்போன்சா டீச்சர் வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். திராட்சையைப் பார்க்கவில்லை, எழுத்தை வாசித்தார். வாசிக்க வாசிக்க விரலை மடக்கினார். பிறகு முதலிலிருந்து மறுபடியும் மடக்கினார்.

"மேரி, ஒண்ணு கொறையுதே."

"என்ன டீச்சர், எலையா?"

"கட்டளை. அடுத்தவுக பொருளு மேல ஆசைப்படாதேன்னு கடைசியா வருமே, அதக் காணோம். அந்த எடத்துல கொடிதான் இருக்கு."

டீச்சர் மெதுவாகத்தான் சொன்னார். ஆனாலும் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். மேரி என்னை ஒரு முறை முறைத்தாள். பிறகு குனிந்து பிளக்கைப் பிடுங்கினாள்.