தாய்மாமன் மடியும் தேர்தல் முடிவும்

தேர்தல் முடிவுகளை அலசுவதில் பாப்பாரப்பட்டி வட்டாரத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை. இது என் சொந்தக் கருத்து. என் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்தில் விவசாயம் செய்கிறான். அவனுக்கும் இதே வியாதி. இருவர் நிலத்திலும் ராகியும் தக்காளியும்தான். இருவர் போர்வெல்லிலும் புழுதிதான் வருகிறது. ஆனால் எங்கள் பக்கம் டெபாசிட்டை இழக்கிற சின்னம், அவர்கள் பக்கம் மாலையும் மேளமுமாக ஊர்வலம் போகிறது.

இது ஏன் என்று, போன தேர்தல் முடிந்த கையோடு எங்கள் வீட்டில் பேச்சு வந்தது. அவர்கள் சாதி பார்த்து ஓட்டுப் போடுகிறார்கள் என்று நான் விளக்கினேன். நாங்கள் சினிமா பார்த்து ஓட்டுப் போடுகிறோம் என்று அவன் விளக்கினான். எங்கள் ஊரில் சாதியே இல்லாதது போல நானும், அவன் ஊரில் தியேட்டரே இல்லாதது போல அவனும் பேசிக்கொண்டே போனோம். கடைசியில் அவன் சாப்பாட்டில் கை நனைக்காமல் பஸ் ஏறிவிட்டான்.

மகளுக்குக் காது குத்த நாள் பார்த்திருந்த சமயம் அது. தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்தினால் பிறந்த வீட்டு மானம் போய்விடும் என்று மனைவி என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளே போன் போட்டுக் கெஞ்சி அண்ணனை வரவழைத்தாள். எனக்கு ஒரே நிபந்தனை, வாயைத் திறக்கக் கூடாது.

தீர்த்தமலைக் கோயிலில் குழந்தை மாமன் மடியில் உட்கார்ந்தாயிற்று. ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தச் சின்ன இடைவெளியை என்னால் தாங்க முடியவில்லை. உங்கள் பக்கம் அடுத்த தடவையாவது யோசித்துப் போடுவார்களா என்று கேட்டுத் தொலைத்தேன். மச்சான் குழந்தையை இறக்கிவிட்டு எழுந்தான். சொந்தபந்தம் மொத்தமும் என்னைத்தான் பார்த்தது.

மனைவி அவன் தோளைப் பிடித்தாள்.

"உக்காருண்ணா. ஏன் ஏன்னு ரெண்டு பேரும் அடிச்சிக்கிறீங்களே, ரெண்டு பக்கமும் ஓட்டுப் போட்டவ இங்க நான் ஒருத்திதான். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

உண்மைதான். கல்யாணத்துக்கு முன்னால் அங்கே போட்டாள், பின்னால் இங்கே. எங்கள் அலசலில் அது வரவே இல்லை.

"அங்க தண்ணி தரேன்னு கன்னடத்துல சொன்னாங்க, வரல. சொன்னவங்கள எதுத்துப் போட்டேன். இங்க அதையே தமிழ்ல சொன்னாங்க. இங்கயும் வரல, இங்கயும் அப்படியே போட்டேன். அங்க ஏமாத்துனது ஒருத்தங்க, இங்க ஏமாத்துனது வேற ஒருத்தங்க. வேறென்ன வித்தியாசம்?"

மச்சான் உட்கார்ந்தான். குழந்தையைத் தூக்கி நானே அவன் மடியில் வைத்தேன்.

"அப்ப நம்ம அப்பா சொன்ன சின்னத்துக்கு நீ போடலயா?" என்று அவன் மெதுவாகக் கேட்டான்.

"நான் சொன்னதுக்கு?" என்று நானும் கேட்டேன்.

"புள்ளயக் கெட்டியாப் புடிங்க" என்றாள் அவள். ஆசாரி ஊசியை எடுத்தார். குத்துவதற்கு முன்பே எங்கள் இருவர் முகமும் சுருங்கிப் போயிருந்தது.