எல்லாக் கோப்பும் ‘உ’

மாத்தளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போட்டோகொப்பி எடுத்து, டைப் பண்ணிக் கொடுக்கும் சின்னக் கடை என்னுடையது. “சேவ் பண்ணினேன், காணோம்” என்று யாராவது மடிக்கணினியோடு வந்தால் மற்ற வேலையைத் தள்ளி வைத்துவிடுவேன். நல்ல மனசு என்று நினைத்துவிட வேண்டாம். அடுத்தவர் அலுமாரியைத் திறந்து பார்க்கிற ஆசைதான். தம்புள்ளை மரக்கறி வியாபாரி ஒருவர் எல்லாவற்றையும் முகப்புத் திரையிலேயே போட்டு வைத்திருந்தார். பின்னணியில் வைத்திருந்த மகளின் படத்தைக் கோப்புகள் மூடி, ஒரு கண் மட்டும் மிஞ்சியிருந்தது.

அன்று வந்தவர் எல்கடுவப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் சிறுவர் பாடசாலை நடத்தும் டீச்சர். பிள்ளைகளின் கலைவிழாவுக்குத் தானே ஒரு நாடகம் எழுதி, கணினியில் அடித்து வைத்திருந்தார். மறுநாள் ஒத்திகை. பிரிண்ட் எடுக்க வந்த இடத்தில் நாடகத்தைக் காணவில்லை.

“என்ன பேர்ல சேவ் பண்ணினீங்க?”

“நான் பேரே வைக்கலக்கா. அதுவாத்தான் வைக்கும்.”

“நாடகம் எதப் பத்தி?”

“ரத்தம் குடிக்கிற அட்டையப் பத்தி. கண்டவுடனே எல்லாரும் உப்பத் தூக்கிட்டு வர்றாங்க. அதுக்கும் ஒரு கூட்டாளி வேணுமில்ல?”

நாடகம், அட்டை, உப்பு என்று எதைப் போட்டுத் தேடியும் ஒன்றுமில்லை. அவர் முகம் வாட வாட எனக்கு ஆர்வம் ஏறியது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. பிறகுதான் பொறி தட்டியது. நாம் பெயர் கொடுக்காவிட்டால் முதல் வரியைத்தான் கணினி பெயராக எடுத்துக்கொள்ளும்.

“எழுதத் தொடங்கும்போது மொதல்ல என்ன போடுவீங்க?”

“பிள்ளையார் சுழிதான். வேற என்ன?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் வாப்பா துண்டுக் கடதாசியில்கூட பிஸ்மில்லாவுக்கு அடையாளமாக 786 போடாமல் எழுதமாட்டார். அவர் கையில் கணினி கிடைத்திருந்தால் எல்லாக் கோப்புக்கும் அதுதான் பெயர். ‘உ’ என்று போட்டுத் தேடினேன். ஒன்றே ஒன்று வந்தது. திறந்தேன். அது நாடகம் இல்லை. நாடகம் பார்க்க வரும்படி பெற்றோருக்கு எழுதிய அழைப்பு.

“இத சேவ் பண்ணும்போது ஏதாச்சும் கேட்டிச்சா?”

“இங்கிலீஷ்ல ஒரு பெட்டி வந்து கேட்டிச்சு. யெஸ் அமுக்கினேன். தோட்டத்து லயத்துல வளந்தவ நான். தொரைமாரு இங்கிலீஷ்ல கேட்டா யெஸ்தானேக்கா சொல்லிப் பழக்கம்?”

அதே பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, அதை அழித்துவிட்டு இதை வைக்கட்டுமா என்றுதான் அது கேட்டிருக்கிறது. சொன்னேன். சொல்லாமலே இருந்திருக்கலாம். தெரிந்த வழியெல்லாம் பார்த்தும் நாடகம் மீளவில்லை.

“பிள்ளைங்ககிட்ட என்னான்னு சொல்றது?” என்று மட்டும் கேட்டார். நான் மடிக்கணினியை என் பக்கம் இழுத்தேன்.

“கதை ஞாபகம் இருக்கில்ல? சொல்லுங்க, நான் அடிக்கிறேன்.”

முதலில் தயங்கினார். பிறகு அட்டைக்கு ஒரு குரல், உப்புப் போத்தலுக்கு ஒரு குரல் என்று பேசவே தொடங்கிவிட்டார். கொப்பி எடுக்க வந்தவர்கள் வேலை முடிந்தும் போகாமல் நின்றார்கள். கடைசியில் அந்த உப்புப் போத்தலே அட்டைக்குக் கூட்டாளியாகிவிட்டது.

“இது முந்தி இல்லக்கா. முந்தி மண்புழுதான் கூட்டாளி. இது இப்பதான் வந்திச்சு” என்றார், தானே ஆச்சரியப்பட்டு.

முதல் வரியில் பிள்ளையார் சுழியை மறக்காமல் போட்டிருந்தேன். சேவ் பண்ணுவதை அவரிடமே விட்டேன். மறுபடியும் கணினி ‘உ’ என்று பெயர் வைத்தது. மறுபடியும் அதே பெட்டி வந்தது. பழக்கத்தில் அவர் கை யெஸ் பக்கம் போய், நின்றது. எழுத்துக் கூட்டி முழுவதையும் வாசித்தார். பிறகு ‘நோ’வை அமுக்கினார், தேவைக்கு மேலேயே பலமாக.

பெட்டி பேசாமல் மூடிக்கொண்டது. வேறு பெயர் கொடுக்கச் சொல்லித் திரை காத்திருந்தது.

“நோ சொல்றதுன்னா இவ்ளோதானாக்கா?” என்று கேட்டார்.