நாலாயிரம் வாட்

அண்ணன் இரண்டு பெட்டிகளைக் கொண்டுவந்து என் சமையல் மேடையில் வைத்தபோது நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். "பாப்பா, இதுல எதுன்னு நீ பாத்துச் சொல்லு. இன்னொண்ண நாளைக்குத் திருப்பிக் குடுக்கணும்" என்றார். ஜீப்பில் பாட்டுச் சத்தத்தைக் கூட்ட மாட்டுகிற ஆம்ப்ளிஃபயர்கள். போடிக் கடைக்காரர் தெரிந்தவர் என்பதால் இரண்டையும் கொடுத்தனுப்பியிருந்தார். ஒன்றின் அட்டையில் தீப்பிழம்புப் படத்தோடு 4000 வாட் என்று பெரிதாகப் போட்டிருந்தது. மற்றதன் உள்ளே இருந்த தாளில், ஒரு ஸ்பீக்கருக்குத் தொடர்ந்து ஐம்பது வாட் தரும் என்று பொடி எழுத்தில் இருந்தது. விலை என்னவோ இதற்குத்தான் அதிகம்.

சிலமலையிலிருந்து ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகும் பெண்களை ஏற்றிச் செல்வது அண்ணனின் தொழில். காலையில் ஜீப்புகள் வரிசையாக நிற்கும். எந்த வண்டியில் பாட்டு எடுப்பாக இருக்கிறதோ அதில்தான் இளவட்டப் பெண்கள் ஏறுவார்கள். அவர்கள் பின்னாலேயே மற்றவர்களும் ஏறுவார்கள். காய் எடுப்பு மும்முரமாக இருக்கும் ஒரு மாதத்தில் வண்டி நிறையாவிட்டால் அண்ணனுக்கு அந்த வருஷமே படுத்துவிடும்.

நானோ பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவள். விடுவேனா? இரண்டையும் கவிழ்த்துப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே அளவு ஃபியூஸ்தான், முப்பது ஆம்பியர். ஜீப் பாட்டரி பன்னிரண்டு வோல்ட். பெருக்கினால் முந்நூற்று அறுபது வாட். உள்ளே போவதே அவ்வளவுதான் என்றால் வெளியே நாலாயிரம் எங்கிருந்து வரும்? "புளுகுறதுக்கும் ஒரு அளவு வேணாமாண்ணே? படிச்சவன் எவனும் இத வாங்க மாட்டான்" என்று தோசைக் கரண்டியை ஆட்டிக்கொண்டு சொன்னேன். "அம்பதுதானா? நம்ம வீட்டு குண்டு பல்பே அறுவதாச்சேத்தா" என்று அண்ணன் இழுத்தார். பிறகு, "சரி, நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று நாலாயிரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அதை அண்ணனுக்குப் பக்கத்தில் வண்டி நிறுத்துகிற டிரைவர் வாங்கி மாட்டிக்கொண்டார். ஒரு விடுமுறை நாளில் வேடிக்கை பார்க்கப் போனேன். அண்ணன் வண்டியில் பாட்டின் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. பக்கத்து வண்டியில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் சத்தம் நெஞ்சில் இடித்தது. முந்நூற்று அறுபதைத் தாண்ட முடியாத பெட்டி எப்படி இந்தப் போடு போடுகிறது? ஸ்பீக்கர் வேறு ரகமா? வால்யூம் குமிழை முழுசாகத் திருப்பிப் பாட்டைக் கிழியவிட்டிருக்கிறாரா? இல்லை, கணக்கில் நான்தான் எதையோ விட்டுவிட்டேனா? சத்தியமாகச் சொல்கிறேன், இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரு பெண் அண்ணனிடம், "ஒங்க வண்டில ஏறுனா தூக்கம் வருதுண்ணே" என்று சிரித்தபடி அந்த ஜீப்பில் தாவி ஏறினாள். அண்ணன் பாதி வண்டியோடு மலையேறினார். அந்தக் காய் எடுப்பு மாதம் முழுக்க அப்படித்தான் போயிற்று.

மாதக் கடைசியில் அந்த நாலாயிரம் புகைந்து செத்துப்போனது. அந்த டிரைவர் பாவம் என்று தோன்றியிருக்க வேண்டும். எனக்கோ அப்படியொரு சந்தோஷம். நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. அன்று பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். "பாத்தீங்களா? நான் அப்பவே சொன்னேன்ல!"

அண்ணன் கோபப்படவில்லை. "நீ சொன்னது சரிதான் பாப்பா. ஆனா ஒரு மாசம் பாடிருச்சுல்ல? எனக்கும் அந்த ஒரு மாசந்தான வேண்டியிருந்துச்சு."

ஐம்பது வாட் இன்றும் பழுதில்லாமல் பாடுகிறது. வகுப்பில் அதே பெருக்கலைக் கரும்பலகையில் போடுகிறேன், விடையும் சரியாகத்தான் வருகிறது. நான் செய்தது சரியா தப்பா என்று யாராவது கேட்டால் மட்டும் முழிக்கிறேன்.

போன வாரம் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் ஒரு புது இன்வெர்ட்டர் இருந்தது. "எப்பண்ணே வாங்குனீங்க?" என்றேன்.

"ஆச்சு, ரெண்டு மாசம். ஒனக்கு ஆயிரம் சோலி இருக்கும், எதுக்குச் சிரமம் குடுக்கணும்னுதான்..." என்றவர், என் முகத்தைப் பார்க்காமல், தங்கச்சி வந்திருக்கு, வெரசா காப்பி போடு என்று உள்ளே குரல் கொடுத்தார்.