வெள்ளையின் மேல் வெள்ளை எழுத்து

தேடுகிற சொல்லை அடிப்பதற்கு முன் அருளானந்தம் மானிட்டரின் அடியிலுள்ள திருகைத் திருகி வெளிச்சத்தைக் குறைத்துவிடுவார். மூக்கு இடிக்கக் குனிந்தால்தான் எழுத்து தெரியும். ஆல்டாவிஸ்டா, லைகாஸ், எக்ஸைட், யாகூ என்று தேடுபொறிகளை ஒவ்வொன்றாகத் திறந்து, எல்லாவற்றிலும் அதே சொல்லை அடித்து, தன் இணையப் பக்கம் எத்தனையாவதாக வருகிறது என்று பார்ப்பார். யாராவது கடைப் படியில் கால் வைத்தால் போதும், பட்டென்று இணைப்பைத் துண்டித்துவிட்டு, "லைன் கட்டாயிருச்சுண்ணே" என்பார்.

செக்காலை சாலையில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தவர். இன்டர்நெட் என்றால் காரைக்குடியில் பாதிப் பேர் முழித்த காலத்திலேயே கண்ணாடிக் கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டரைப் போட்டு, கடைக்காரர்களுக்கு இணையப் பக்கம் செய்துகொடுக்க ஆரம்பித்தார். செய்துகொடுப்பது பெரிய வித்தையில்லை. தேடுகிறவன் கண்ணில் அதை முதலில் பட வைப்பதில்தான் மனிதர் சூரர். பழைய சாமான் வியாபாரி உடையப்பனுக்குத் தேக்குத் தூண் கேட்டு பாரிஸிலிருந்து ஆள் எழுதியதும், அவர் அதை ஊரெல்லாம் சொல்லித் திரிந்ததும் இவர் புண்ணியத்தில்தான்.

"கல்யாணத்துக்கு அழைக்கிற மாதிரிதாண்ணே இது" என்று விளக்குவார். "ஒரு வீட்டுக்குப் பத்திரிக்கை போனாலே வந்துருவாக. இன்னொரு வீட்டுல நேர்ல போயி வெத்தல பாக்கு வச்சாத்தான் வருவாக. இதுகளும் அப்புடித்தான். ஒண்ணு தலைப்ப மட்டும் பாக்கும். ஒண்ணு அந்தச் சொல்லு எத்தன தடவ வருதுன்னு எண்ணும். யாகூவுல ஆளே உக்காந்து படிச்சுப் பாத்துத்தான் சேப்பாக. அவுகவுகளுக்கு ஏத்த மாதிரி அழைக்கணும்."

அழைப்பைப் பற்றி இவ்வளவு பேசுகிறவரின் ஒரே மகள், அழைப்பே இல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு போனாள். பெயர் பெல்சி. மதுரையில் கம்ப்யூட்டர் படித்தவள், கூடப் படித்த வேறு மதத்துப் பையனோடு போய்விட்டாள். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் கூட்டம் நிற்கும்போது, "இனி அவ பேரு என் வாயில வராது" என்று அருளானந்தம் சத்தமாகச் சொன்னார். பாழாய்ப்போன வீறாப்பு. இன்றுவரை அந்த வார்த்தையைக் காப்பாற்றியும் வருகிறார். மனைவி சூசைமேரி மகள் பெயரைச் சொல்லி அழுதால் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். பெல்சி வெளிநாட்டில் இருப்பதாகப் பேச்சு. எந்த நாடு என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

ஆனால் கடைக்கு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அவர் ஒன்றைத் தெரிந்துகொண்டிருந்தார். கல்லூரிப் பிள்ளையோ வயதான வக்கீலோ, தேடும் பெட்டிக்கு முன் உட்கார்ந்ததும் யாரும் பார்க்காத நேரமாய்த் தன் சொந்தப் பெயரைத்தான் முதலில் அடித்துப் பார்க்கிறார்கள். பெல்சியும் எங்கோ ஒருநாள் அடிப்பாள்.

அதற்காகவே காரைக்குடியைப் பற்றி ஒரு பக்கம் செய்தார். பஸ் நேரம், திருவிழா நாட்கள், தங்கும் விடுதிகள், ஓரத்தில் தன் கடையின் தொலைபேசி எண். எல்லாவற்றுக்கும் கீழே, வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில், பெல்சி அருளானந்தம், பெல்சி அருளானந்தம் என்று வரிவரியாக. மனிதக் கண்ணுக்கு அது வெறும் இடம். தேடுபொறிக்கு மட்டும் தெரியும். வாயால்தானே சொல்லமாட்டேன் என்றார்!

பெயரை அடித்ததும் சொல்லை எண்ணுகிற தேடுபொறிகளில் எல்லாம் பக்கம் முதலில் வந்து நின்றது. பார்த்த கையோடு இணைப்பைத் துண்டித்துவிடுவார். இன்டர்நெட்டுக்கும் போனுக்கும் இருப்பது ஒரே லைன். இவர் உள்ளே இருக்கும் நேரம் பார்த்து அவள் கூப்பிட்டு, எங்கேஜ்டு சத்தம் கேட்டு வைத்துவிட்டால் என்ன செய்வது என்கிற பயம்.

போன வாரம் தேடுபொறிகளில் ஒன்று அந்தப் பக்கத்தைக் கழித்துவிட்டது. எவ்வளவு தூரம் தள்ளிப் பார்த்தும் இல்லை. காரணம் அவருக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாமல் ஒரே சொல்லை அடுக்குவது ஏமாற்று வேலை என்று கண்டுபிடித்துவிட்டார்கள். தேக்கு, தேக்கு என்று ஒளித்து வைக்கலாமா என்று உடையப்பன் கேட்டபோது, "வேணாம்ணே, தள்ளி வச்சிருவாக" என்று தடுத்தவரே இவர்தான்.

ஒளித்த வரிகளை அவர் அழித்துக்கொண்டிருந்தபோது சூசைமேரி மத்தியானச் சாப்பாட்டைக் கொண்டுவந்தார். பக்கத்தை எழுதும் இடத்தில் எல்லா எழுத்தும் கறுப்பாகத்தான் தெரியும். தூக்குச்சட்டியைக் கீழே வைக்காமலே குனிந்து படித்தார்.

"இம்புட்டு நாளும் இதத்தான் செஞ்சுக்கிட்டு இருந்தீகளா?"

அருளானந்தம், வருகிறவர்கள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினார். சூசைமேரி அதில் மகள் பெயரை மேலும் கீழும் தேடினார்.

"ஏங்க, அவ வந்து பாத்தாலும் பஸ் நேரந்தானே இருக்கு? அப்பா கூப்புடுறாருன்னு எங்குட்டு இருக்கு?"

அருளானந்தத்தின் முகம் செத்துப்போயிற்று. ஒவ்வொரு தேடுபொறியும் என்ன பார்க்கும் என்று யோசித்த மனிதர், பெல்சி என்ன பார்ப்பாள் என்று யோசிக்கவே இல்லை. அவள் ஏற்கெனவே வந்திருக்கலாம். தன் பெயரை அடித்து, அப்பா செய்த பக்கத்துக்கே வந்து, தன் பெயரைக் காணாமல் திரும்பிப் போயிருக்கலாம்.

வெளியே உடையப்பன் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. "அருளண்ணே, லைன் இருக்கா?"

"இருக்குண்ணே, வாங்க."

அழிக்காமல் மிச்சமிருந்த, பெல்சியின் பெயருள்ள ஒரே ஒரு வரியைப் பக்கத்தின் உச்சிக்குக் கொண்டுபோனார். அதன் நிறக் குறியீட்டில் வெள்ளைக்கு உரிய ஆறு எஃப்களை அழித்துவிட்டு, கறுப்புக்கு உரிய ஆறு சைபர்களை ஒவ்வொன்றாக அடித்தார். உடையப்பன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். அருளானந்தம் மானிட்டரின் அடியில் கைவிட்டு, திருகை வெளிச்சத்தின் பக்கமாக, அதற்குமேல் போகாத மட்டும் திருகினார்.