கையிருப்பு மேடம்

கைப்பைக்குள் இரண்டு பேனா இருக்கிறதா என்று வீட்டு வாசலில் ஒருமுறை, பேருந்தில் ஒருமுறை, தொழிற்சாலை கேட்டில் ஒருமுறை என மேடம் தடவிப் பார்த்துக்கொள்கிறார். மூன்றாவது பேனா பக்கவாட்டு ஜிப்புக்குள் இருக்கிறது. அது கணக்கில் சேராது, ஆத்திர அவசரத்துக்கு. மேசை இழுப்பறையில் உபரியாக ஒரு மூக்குக் கண்ணாடி, தலைவலி மாத்திரை இரண்டு அட்டை, ஒரு ஜோடி செருப்பு. “செருப்பு எதுக்கு மேடம்?” என்று வேலைக்குப் புதிதாக வந்த பெண் ஒருத்தி கேட்டாள். “அறுந்தா?” என்றார். விளக்கம் அதோடு முடிந்தது.

அடுக்குமாடிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் தண்ணீர் ஏற்றுகிற பம்புகள் தயாராகும் இடம் அது. எந்தப் பம்பு என்றைக்கு வெளியே போக வேண்டும், அதற்கான உதிரிப்பாகம் என்றைக்கு உள்ளே வர வேண்டும் என்று திட்டம் போட்டுக் கொடுப்பது இவருடைய வேலை. வயது ஐம்பத்திரண்டு. முதுகுக்குப் பின்னால் எல்லோரும் ‘கையிருப்பு மேடம்’ என்கிறார்கள். அது தெரிந்தும் காதில் விழாதவர்போலப் போய்விடுவார். வீட்டிலும் இதே கதைதான். “இது வீடா, குடோனா? கட்டிலுக்கு அடியில சோப்பு மட்டும் பதினாறு கெடக்கு” என்பார் கணவர். “கெடந்தா என்ன, கடிக்குதா உங்கள?” என்று பதில் வரும்.

இது பிறவிக் குணம் இல்லை. பயத்தில் வந்து ஒட்டிக்கொண்டது.

பம்பின் தண்டைச் சுற்றி உட்கார்ந்து தண்ணீர் மோட்டாருக்குள் கசியாமல் காக்கும் சின்ன வளையம் ஒன்று உண்டு. சீல் என்பார்கள். கடல் கடந்து கப்பலில் வர எழுபது நாள் பிடிக்கும். பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு கப்பல் தாமதமாகி, ஒன்பது நாள் உற்பத்தி நின்றுபோனது. ஒப்பந்தத் தொழிலாளர் அறுபது பேரை நாளை வராதீர்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஒன்பதாம் நாள் அப்போதைய திட்ட மேலாளரை, அதாவது இவருடைய மேலதிகாரியை, காவலாளிகள் இருவர் நடுவில் நடத்திக் கேட்டுக்கு வெளியே விட்டார்கள். “கையில சாப்பாட்டு கேரியர் இருந்துச்சு. தொறக்கவே இல்ல மனுஷன். அந்தக் கனத்துல ஒரு பக்கமா சாஞ்சுக்கிட்டே போனாரு” என்று இன்றைக்கும் சொல்வார். அடுத்த திங்கட்கிழமை அவருடைய நாற்காலியில் இவரை உட்கார வைத்தார்கள்.

உட்கார்ந்த சில மாதங்களில் இவர் ஒரு காரியம் செய்தார். வந்த சரக்கைச் சோதித்துக் கையெழுத்துப் போடுகிற பொறுப்பும் இவரிடமே இருந்தது. அந்த முறை வந்த பத்துப் பெட்டி சீலில் ஒன்பதை உள்ளே அனுப்பினார். பத்தாவதும் நல்ல பெட்டிதான். அதன்மேல் ‘பழுது, பயன்படுத்தக் கூடாது’ என்று சிவப்பு அட்டையைக் கட்டி, ஸ்டோருக்குப் பின்னால் உள்ள கம்பிக் கூண்டுக்குள் தள்ளிவிட்டார். சிவப்பு அட்டை கட்டிய பெட்டியை யாரும் சீண்ட மாட்டார்கள். கம்ப்யூட்டரும் அதைச் சரக்கு என்று எண்ணாது. மேலிடத்தில் யாராவது ‘ஸ்டாக்கைக் குறை’ என்று கத்தினாலும் அவர்கள் கண்ணுக்கு அது தட்டுப்படாது. கப்பல் தாமதமானால் மேடம் கூண்டுக்குப் போவார், அட்டையை அறுப்பார், ‘மறுசோதனையில் தேறியது’ என்று எழுதுவார். வேலை ஓடிவிடும். பதினோரு வருடமாக, அவ்வப்போது ஒரு பெட்டியை ஒதுக்குவதும் எடுப்பதுமாக, இப்படித்தான் ஓடுகிறது.

சீல் அனுப்புகிற கம்பெனியோ வருடம் தவறாமல் ஒரு கடிதம் போடுகிறது. ‘எங்கள் தரக்குறைவுக்கு வருந்துகிறோம்.’ செய்யாத குற்றத்துக்கு அவர்கள் மன்னிப்புக் கேட்டிருப்பதைப் படிக்கிற அன்று மேடத்துக்கு மதியச் சோறு இறங்காது.

போன மாதம் பெரிய முதலாளி ஒதுங்கிக்கொண்டு மகனை உட்கார வைத்தார். அரைக்கால் சட்டையோடு வந்து மேடத்தின் மேசையில் மிட்டாய் வாங்கித் தின்ற பிள்ளை. இப்போது இவர் ‘சார்’ என்கிறார், அவர் ‘மேடம்’ என்கிறார். இருவருக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது. நல்ல பையன். யாரையும் அதட்ட மாட்டான், ஆனால் எண்களை அப்படியே நம்புவான்.

புதன்கிழமைக் கூட்டத்தில் சின்ன முதலாளி திரையைக் காட்டிப் பேசினார். “பதினோரு வருஷ டேட்டாவையும் பாத்துட்டேன். சீல் இல்லன்னு ஒரு மணி நேரம்கூட வேலை நிக்கல. அப்புறம் எதுக்கு மூணு மாசச் சரக்க வாங்கி அடுக்கி வைக்கணும்? மூணு வாரத்துக்குப் போதும். இனி ஆர்டர் வந்த பதினஞ்சாம் நாள் பம்பு கஸ்டமர் வாசல்ல நிக்கும். வாக்குக் குடுத்துட்டேன். அந்தக் கூண்டுல இருக்கற குப்பையெல்லாம் வெள்ளிக்கிழமை ஸ்கிராப்புக்குப் போயிடட்டும், அங்க புது டெஸ்டிங் மெஷின் வருது.” பிறகு திரும்பி, “இவ்வளவு தைரியமா நான் வாக்குக் குடுக்க மேடம்தான் காரணம். எல்லாரும் கை தட்டுங்க” என்றார்.

தட்டினார்கள். மேடமும் சேர்ந்து தட்டினார். அன்று காலைதான் கப்பல் கம்பெனியிலிருந்து தகவல் வந்திருந்தது: சரக்கு மூன்று வாரம் தாமதம். போன தடவை வந்த சரக்கு தீர்ந்துகொண்டிருக்கிறது, உள்ளே இருக்கிற சீல் இன்னும் ஒன்பது நாளைக்குத்தான் வரும். கூண்டில் ஐந்து பெட்டி. அந்த ஐந்தும் இருந்தால் தப்பலாம்.

வியாழக்கிழமை மூன்று முறை சின்ன முதலாளியின் அறைக்குப் போனார். “சார், ஒரு விஷயம்” வரைக்கும் தடையில்லாமல் வந்தது. முதல் முறை, “ஏசி சரியா ஓடுதா சார்?” என்று கேட்டுவிட்டு வந்தார். இரண்டாம் முறை பெரிய முதலாளியின் மூட்டு வலியை விசாரித்தார். மூன்றாம் முறை, “ஒண்ணுமில்ல சார், சும்மாதான்” என்றார். அவர் சிரித்துக்கொண்டே, “உக்காருங்க மேடம், தண்ணி குடிங்க” என்றார். அந்தச் சிரிப்புதான் இவரை இன்னும் பயமுறுத்தியது.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினார். பதினோரு வருடத்தில் முதல் தடவை.

“சொல்லிடு. நல்ல சரக்க நல்ல சரக்குன்னுதானே சொல்லப் போற?”

“பொய்க் கையெழுத்துங்க. ஒண்ணா, ரெண்டா? எத்தனைன்னு எனக்கே தெரியாது. என்னையும் ரெண்டு பேரு நடுவுல விட்டு நடத்திக் கூட்டிட்டுப் போவாங்க.”

“சொல்லலன்னா?”

“வேலை நின்னுடும். மறுபடியும் அறுபது பேரு வீட்டுக்குப் போவாங்க. அதுக்கும் என்னைத்தான் கேப்பாங்க.”

கணவர் எழுந்து போய் அவருக்குச் சோறு போட்டுக் கொண்டுவந்தார்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ஸ்கிராப் லாரி பின்பக்கமாக வந்து நின்றது. கூண்டுக் கதவைத் திறந்துவிட்டு ஸ்டோர்காரர் ஓரமாக நின்றார். இடத்தை அளந்து பார்க்க சின்ன முதலாளியும் வந்திருந்தார். விரிசல் விட்ட வார்ப்புகள், வளைந்த தகடுகள் எல்லாம் முதலில் ஏறின. பிறகு சிவப்பு அட்டை கட்டிய பெட்டிகளின் முறை. மேடம் கையெழுத்துப் போட வேண்டிய சீட்டைப் பிடித்தபடி நின்றார். முதல் பெட்டியை லோடுமேன் தோளில் தூக்கி லாரிக்குள் வீசினார். உள்ளே ஏதோ உருளும் சத்தம் கேட்டது. இரண்டாவது பெட்டிக்காகக் குனிந்தார்.

எப்படி நடந்தார் என்று மேடத்துக்கே தெரியாது. நேராகப் போய் அந்தப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

“அம்மா, எந்திரிங்கம்மா. லேட்டாவுது” என்றார் லோடுமேன்.

“மேடம், என்னாச்சு? தலை சுத்துதா?” சின்ன முதலாளி பக்கத்தில் ஓடிவந்தார். “யாராவது தண்ணி கொண்டாங்க!”

மேடம் இல்லை என்று தலையை ஆட்டினார். பெட்டியின் விளிம்பை இரண்டு கையாலும் இறுகப் பற்றிக்கொண்டு, தரையில் இருந்த கால்களையும் தூக்கி மேலே மடக்கி வைத்துக்கொண்டார்.