அக்காவும் ஒட்டிக்கொண்ட கிளட்சும்

போன வருடம் தை மாதக் கடைசியில், புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் எங்கள் வீட்டு வாசலில் தொடங்கிய கதை இது. பெரிய மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருப்பவன் நான். நாள் முழுக்கக் கத்தி விற்றுப் பழகியதால் வாய் கொஞ்சம் அதிகம். என் அக்காவுக்கு அதைவிட அதிகம்.

அக்கா ஒரு காலத்தில் பெண்களுக்கு ஸ்கூட்டரும் பைக்கும் ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு விபத்து. முதுகெலும்பில் அடி. கதிர்காமம் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்து உயிரோடு திரும்பினாள், ஆனால் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி திரும்பவில்லை. வீல்சேரில்தான் வாழ்க்கை என்று ஆனது.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை மிச்சம் இருந்தது. கடல் தண்ணீர் ஓரம் வரைக்கும் போக வேண்டும். வீல்சேர் மணலில் இறங்கினால் சக்கரம் புதைந்துவிடும். ஒரு தடவை நானும் என் நண்பர்களும் அவளைத் தூக்கிக்கொண்டு போனோம். பீச்சில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பாதி வழியிலேயே திரும்பச் சொல்லிவிட்டாள்.

"மூட்டை மாதிரி தூக்கிட்டுப் போறதா இருந்தா எனக்குக் கடலே வேணாம்டா" என்றாள். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

என் நண்பன் ஒருவன் ஊருக்கு வடக்கே மணலில், சுற்றுலா வருகிறவர்களுக்கு ஏடிவி என்கிற நாலு சக்கர பைக்கை வாடகைக்கு விடுகிறான். அவனிடம் உப்புக்காற்றில் துருவேறி, தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த பழைய வண்டி ஒன்று இருந்தது. பேச்சுவாக்கில் நான் வீட்டில் சொல்ல, அக்கா பிடித்துக்கொண்டாள். அந்த வண்டி நின்றால் சாயாது. பிரேக்கும் கையில், ஆக்ஸிலேட்டரும் கையில், கட்டைவிரலால் அழுத்துவது. கியர் மட்டும்தான் காலில். அதற்கு ஒரு கம்பியை வெல்டிங் வைத்துக் கைக்கு எட்டும்படி தூக்கிவிட்டால் போதும் என்று கணக்குப் போட்டுவிட்டாள். நண்பனும், சும்மா கிடக்கிறதுதானே, எடுத்துப் போ என்று அனுப்பிவிட்டான்.

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. பின்னால் சாய்மானம் வைத்து, இடுப்பைப் பெல்ட்டால் கட்டி, கால்களைப் பழைய துப்பட்டாவால் வண்டியோடு கட்டித்தான் அவளால் உட்கார முடியும். ஏதாவது ஆனால் குதிக்கக்கூட முடியாது. சொன்னேன். யார் கேட்டார்கள்?

புது வண்டி வந்தால் நம் வீடுகளில் என்ன செய்வோமோ அதைத்தான் செய்தோம். அம்மா சந்தனம் குங்குமம் வைத்தாள். சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் காட்டினாள். அக்காவை ஏற்றிக் கட்டினோம். அவள் ஸ்டார்ட் செய்து, வெல்டிங் வைத்த கம்பியை அழுத்தி முதல் கியர் போட்டாள். அவ்வளவுதான், ஆக்ஸிலேட்டரைத் தொடவே இல்லை, வண்டி எகிறிப் பாய்ந்தது. எலுமிச்சம்பழத்தை நசுக்கி, கற்பூரத் தட்டைத் தள்ளி, எதிர்வீட்டு மதில்மேல் மோதி நின்றது. அக்கா பிரேக்கைப் பிடித்திருந்ததால் அடி பலமாகப் படவில்லை.

அம்மா அழுதுவிட்டாள். சகுனமே சரியில்லை, இந்த வண்டி நம்ம வீட்டில் இருக்கவே கூடாது என்று ஒரே பிடியாக நின்றாள்.

அக்கா வண்டியில் கட்டப்பட்ட நிலையிலேயே, "சாமி ஒண்ணும் கோச்சுக்கலம்மா. கிளட்ச் ஒட்டிக்கிச்சு" என்றாள்.

கடைசியில் அம்மா ஒரு தவணை கொடுத்தாள். சரிசெய்து பாருங்கள், இன்னொரு தரம் தானாக ஓடினால் அன்றைக்கே திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்றாள். அக்காவின் கடல் அந்த ஒரு கிளட்சில் போய்த் தொங்கியது.

மறுநாள் மத்தியானம் கடையிலிருந்து வந்து பார்க்கிறேன், வாசலில் கோணியை விரித்து அதில் உட்கார்ந்திருக்கிறாள். அம்மாதான் இறக்கி உட்கார வைத்தாளாம். வண்டியின் இன்ஜின் அவள் முகத்துக்கு நேராக இருந்தது. ஒரு கையில் ஸ்பேனர், ஒரு கையில் ஸ்க்ரூடிரைவர், முகமெல்லாம் ஆயில். பல வருடமாக நான் பார்க்காத முகம் அது.

இந்த வண்டியில் தனியாகக் கிளட்ச் பிடி கிடையாது. கியரை அழுத்தும்போதே உள்ளே இருக்கும் கிளட்ச், இன்ஜினைச் சக்கரத்திலிருந்து பிரித்துவிட வேண்டும். அதைக் கூட்டவும் குறைக்கவும் இன்ஜின் ஓரத்தில் ஒரு திருகும், அதை அசையாமல் பிடிக்க ஒரு லாக் நட்டும் இருக்கின்றன. அக்கா நட்டைத் தளர்த்தி, திருகைத் திருப்பி வைத்து ஸ்டார்ட் பண்ணச் சொன்னாள். பின்சக்கரங்களை மரக்கட்டைமேல் தூக்கி வைத்துத்தான் சோதனை, மதில் இனிமேல் தாங்காது. கியர் போட்டதும் சக்கரம் சுற்றியது. மறுபடி திருப்பினாள், மறுபடி சுற்றியது. பிரேக் பிடித்தால் இன்ஜின் அணைந்தது. நியூட்ரலுக்கு வரவே மாட்டேன் என்றது. நான் மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்றேன். அவள் காதில் வாங்கவில்லை.

அப்புறம் ஆயிலை இறக்கினோம். வந்ததைப் பார்த்து எனக்கே குமட்டியது. கறுப்பாக, முற்றிய வெல்லப்பாகு மாதிரி சொட்டியது. நண்பனுக்குப் போன் போட்டால், ஏதோ லாரிக்கு ஊற்றுகிற கெட்டி ஆயில் மிச்சம் இருந்ததாம், வீணாகக் கூடாதே என்று ஊற்றினானாம். அது உள்ளே கிளட்ச் பிளேட்டுகளை ஒன்றோடொன்று ஒட்ட வைத்து, மாதக்கணக்கில் சும்மா நின்றதில் இறுகிப்போயிருக்கிறது. அக்கா அவனைப் போனிலேயே ஒரு பிடி பிடித்தாள். புது ஆயில் ஊற்றினோம். ஐட்லிங், அதாவது சும்மா நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகம், அதிகமாக இருந்தது, அதையும் குறைத்தாள்.

அப்படியும் ஒட்டியது விடவில்லை. இன்ஜினை அணைத்து, கட்டையிலிருந்து இறக்கி, கியரில் போட்டோம். அக்கா கம்பியை அழுத்திப் பிடித்துக்கொள்ள, நான் வண்டியை முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும், ஒட்டிய பிளேட் பிரியும் வரைக்கும். ஆட்டினேன். தெருவே வேடிக்கை பார்த்தது. இடுப்பு விட்டுப்போனது. இது தேறாதுக்கா, விட்டுடலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கண்ணை மூடி, ஒரு உள்ளங்கையை இன்ஜின்மேல் வைத்துக்கொண்டு, "இன்னும் ஒரு தள்ளு" என்றாள்.

தள்ளினேன். உள்ளே 'டொக்' என்று ஒரு சத்தம். வண்டி சட்டென்று உருண்டது, நான் குப்புற விழுந்தேன். எழுந்து பார்த்தால் அக்காவின் கண்ணெல்லாம் தண்ணீர், ஆனால் சிரிக்கிறாள்.

பிறகு திருகைக் கடைசியாக ஒரு முறை சரிசெய்தாள். லேசாகத் தட்டுப்படும் வரை திருப்பி, அங்கிருந்து ஒரு துளி பின்னால் எடுத்து, திருகு நகராமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்கினாள். கட்டைமேல் ஏற்றி ஸ்டார்ட் செய்தோம். கியர் போட்டாள். சக்கரம் அசையவில்லை. கட்டைவிரலால் லேசாக அழுத்தினாள், சுற்றியது. விட்டாள், நின்றது. அம்மா உள்ளே போய் விளக்கேற்றினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நண்பனின் மணலுக்குப் போனோம். கரையை ஒட்டி நேராக மட்டும் ஓட்ட வேண்டும், தண்ணீர்ப் பக்கம் திருப்பவே கூடாது என்று நான் சத்தியம் வாங்காத குறை. தலையை ஆட்டினாள். கொஞ்ச தூரம் சமர்த்தாகப் போனாள். பிறகு ஹேண்டில்பாரைத் திருப்பினாள், நேரே கடலைப் பார்த்து.

அவள் பெல்ட்டால் கட்டப்பட்டிருக்கிறாள். மணல் சரிந்து இறங்குகிற இடம். சூடான இன்ஜினில் கிளட்ச் மறுபடி ஒட்டிக்கொண்டால் வண்டி அவளோடு அலைக்குள் போய்விடும். ஓடினேன். மணலில் கால் புதையப் புதைய, அக்கா, அக்கா என்று கத்திக்கொண்டே ஓடினேன். எட்டவே இல்லை.

ஈர மணலைத் தொட்டதும் அவளுடைய ஒரு கை பிரேக்கைப் பிடித்தது, இன்னொரு கை கம்பியை அழுத்தியது. வண்டி நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது, வண்டி ஒரு அங்குலம்கூட நகரவில்லை. ஒரு அலை வந்து சக்கரங்களைச் சுற்றி நுரைத்து, கட்டியிருந்த அவள் பாதங்களை நனைத்துவிட்டுப் போனது. மூச்சு வாங்க நான் பக்கத்தில் போய் நின்றேன்.

அக்கா குனிந்து தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"தண்ணி சில்லுனு இருக்காடா?"

சில்லென்றுதான் இருக்கிறது என்று எப்படியோ சொன்னேன். அப்படியா என்று தலையை ஆட்டிவிட்டு, நிமிர்ந்து கடலைப் பார்க்க ஆரம்பித்தாள். நானும் முழங்கால் நனைய அங்கேயே நின்றேன்.

இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு அத்தனை பெரிய கடல் பழகிப்போன ஒன்று. ஆனால் இன்றைக்கும் கரையில் போய் நின்றால், அதன் எதிரில் தானே ஓட்டி வந்து, தானே நிறுத்தி, அசையாமல் உட்கார்ந்திருந்த என் அக்காதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறாள்.